ஜார்ஜ் ஸ்டப்ஸ் (1724–1806): குதிரை ஓவியரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் ஸ்டப்ஸ் யார்?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஓவியர். பந்தயக் குதிரைகள், வேட்டை நாய்கள், சிங்கம், வரிக்குதிரை, காண்டாமிருகம் எனப் பலவற்றை வரைந்திருந்தாலும் குதிரையை வரைந்தவர் என்றே அவர் பெயர் நிலைத்துவிட்டது. குதிரையின் உடலமைப்பைத் தன் கையாலேயே அறுத்துப் பார்த்து, அதை ஒரு நூலாக வெளியிட்டவரும் அவரே. வெறும் 'குதிரை ஓவியர்' என்ற முத்திரையை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது என்பது கீழே வரும் விடைகளில் தெரியவரும்.

அவர் எங்கே ஓவியம் கற்றார்?

முறையாக யாரிடமும் கற்கவில்லை என்றே சொல்ல வேண்டும். லிவர்பூலில் 1724 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். தந்தை ஜான் ஸ்டப்ஸ், பதனிட்ட தோலை மென்மையாக்கி மெருகேற்றும் தொழிலைச் செய்தவர். மகனும் பதினைந்து, பதினாறு வயது வரை அந்தப் பட்டறையிலேயே வேலை பார்த்தார். விலங்கின் தோலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பழகிய பையன் பிற்காலத்தில் அந்தத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடிப் போனதில் வியப்பில்லை. எட்டு வயதிலேயே அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவர் கொடுத்த எலும்புகளைப் பார்த்து வரைந்தார் என்று, முதுமையில் அவரோடு பழகிய ஓவியர் ஓசியாஸ் ஹம்ஃப்ரி எழுதிவைத்த குறிப்புகள் கூறுகின்றன. ஸ்டப்ஸின் இளமைக்காலத்தைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி இந்தக் குறிப்புகளிலிருந்தே வருகிறது. கிழவர் சொல்ல நண்பர் எழுதிக்கொண்டவை என்பதால், அவற்றைச் சற்றுக் கவனமாகவே படிக்க வேண்டும்.

தந்தை இறந்த 1741-ஆம் ஆண்டை ஒட்டி, ஹாம்லெட் வின்ஸ்டான்லி என்ற ஓவியரிடம் சிறிது காலம் உதவியாளராகச் சேர்ந்தார். டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் இருந்த பழைய ஓவியங்களைப் பார்த்துப் படியெடுப்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த வேலை. அது பிடிக்காமல், தகராறு செய்துகொண்டு விலகிவிட்டார். இனி இயற்கையைத் தவிர வேறொன்றையும் பார்த்து வரைவதில்லை என்று அப்போதே முடிவு செய்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார்.

உடற்கூறியல் ஆர்வம் எப்போது தீவிரமானது?

யார்க் நகரில். 1740-களின் நடுவில் அங்கே குடியேறி, உருவப்படங்கள் வரைந்து பிழைத்துக்கொண்டே, யார்க் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சார்லஸ் அட்கின்சனின் துணையோடு மனித உடலை அறுத்துப் பார்க்கக் கற்றார். அந்நகரின் மருத்துவர் ஜான் பர்ட்டன் மகப்பேறு மருத்துவம் பற்றி எழுதி 1751-இல் வெளியிட்ட நூலுக்குப் படங்கள் தேவைப்பட்டன. ஸ்டப்ஸ் அவற்றை வரைந்ததோடு நில்லாமல், செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சுக்கு ஆயத்தம் செய்யும் கலையையும் அப்போதுதான் தானே முயன்று கற்றுக்கொண்டு, தகடுகளையும் தானே செய்துகொடுத்தார். படங்கள் அவ்வளவு நேர்த்தியானவை அல்ல. ஆனால் அந்தக் கைப்பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பெரிய நூல் வெளிவந்தே இருக்காது.

இத்தாலிக்கு ஏன் போனார்?

அக்காலத்து ஆங்கில ஓவியர்கள் ரோம் நகருக்குச் சென்று பழஞ்சிற்பங்களைப் பார்த்து வரைவது கிட்டத்தட்ட ஒரு கடமை போல இருந்தது. ஸ்டப்ஸும் 1754-இல் சென்றார். கிரேக்கக் கலையோ ரோமானியக் கலையோ, எதுவானாலும் இயற்கையே அதைவிட மேலானது என்பதைத் தனக்குத்தானே உறுதி செய்துகொள்ளவே போனதாகவும், உறுதியானவுடன் திரும்பிவிட்டதாகவும் ஹம்ஃப்ரியிடம் சொன்னார். இதை முழுமையாக நம்புவதற்கில்லை. ரோமில் அவர் கண்டிருக்கக்கூடிய ஒரு சிற்பத்தின் சாயல் அவருடைய ஓவியங்களில் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. அதைச் சிங்கம் பற்றிய கேள்வியில் காண்க.

ஹார்க்ஸ்டோ பண்ணை வீட்டில் என்ன நடந்தது?

இதுதான் அவர் வாழ்க்கையின் திருப்புமுனை. லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஹம்பர் கழிமுகத்துக்கு அருகே உள்ள சிற்றூர் ஹார்க்ஸ்டோ. 1756-இல் அங்கே ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். ஊரிலிருந்து ஒதுங்கிய இடமாகப் பார்த்துத் தேர்ந்தது, நாற்றத்தை வேறு யார் பொறுத்துக்கொள்வார்கள் என்பதற்காகத்தான்.

செய்முறையை ஹம்ஃப்ரி விவரமாகவே எழுதியிருக்கிறார். கழுத்துச் சிரையைத் திறந்து குதிரையின் இரத்தத்தை வடியவிட்டு அதைச் சாகடிப்பார். பிறகு இரத்தக் குழாய்கள் சுருங்கிப் போகாமல் வடிவம் மாறாதிருக்க, உருகிய மெழுகு போன்ற பொருளை அவற்றுக்குள் செலுத்துவார். கூரையிலிருந்து கப்பியில் ஓர் இரும்புச் சட்டத்தைத் தொங்கவிட்டு, அதில் பல அளவுகளில் கொக்கிகளை மாட்டி, அவற்றை விலா எலும்புகளுக்கு இடையே செலுத்தி முதுகெலும்புக்கு அடியில் கொடுத்து உடலைத் தூக்கி நிறுத்துவார். கீழே ஒன்றரை அடி அகலமுள்ள ஒரு பலகையும் கயிற்றில் தொங்கும். குளம்புகள் அதன்மீது படிந்திருக்கும். ஆக, செத்த குதிரை நிற்கும் நிலையில், ஏறக்குறைய நடக்கும் பாவனையில் இருக்கும். சாய்ந்து கிடக்கும் உடலில் தசைகள் சரிந்து தங்கள் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும் என்பதால்தான் இத்தனை ஏற்பாடும்.

வயிற்றுத் தசைகளில் தொடங்கி, ஐந்து அடுக்குத் தசைகளை ஒன்றன்பின் ஒன்றாக உரித்து, ஒவ்வொரு நிலையிலும் அளந்து, வரைந்து, குறிப்பெழுதி, கடைசியில் எலும்புக்கூட்டை அடைவார். முதல் குதிரை பதினோரு வாரங்கள் அப்படியே தொங்கியது. பதப்படுத்தும் வேதிப்பொருள்களோ குளிர்பதன வசதியோ இல்லாத காலம் அது.

அவருக்கு உதவியவர் யார்?

மேரி ஸ்பென்சர். திருமணம் செய்துகொள்ளாமலே ஸ்டப்ஸோடு ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். ஹார்க்ஸ்டோவின் பிண அறையிலும் கூடவே இருந்தவர் அவர்தான். எந்தப் படத்திலும் அவர் கையெழுத்து இல்லை. ஆனாலும் அந்தப் பதினெட்டு மாத வேலையை ஒற்றை ஆளின் சாதனையாகச் சொல்வது சரியாகாது. ஸ்டப்ஸ் இறந்தபோது அவருடைய உடைமைகள் மேரிக்கே சென்றன.

வரைவதற்காகக் குதிரைகளைக் கொன்றது கொடுமையல்லவா?

இன்றைய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். உழைத்துத் தேய்ந்த குதிரைகளைத் தோலுக்கும் இறைச்சிக்கும் கொல்வது அன்று அன்றாட நடப்பு என்பதை நினைவில் கொள்ளலாம். ஆயினும், இரத்தத்தை மெல்ல வடியவிட்டது உடலை ஆராய்ச்சிக்கேற்ற நிலையில் வைத்திருக்கத்தானே தவிர, குதிரையின் வலியைக் குறைக்க அல்ல. அவருடைய படங்களில் நாம் காணும் கனிவுக்கும் இந்தச் செயலுக்கும் உள்ள முரணைப் பூசி மெழுகத் தேவையில்லை.

'குதிரையின் உடற்கூறு' நூல் எப்படி வெளிவந்தது? அதன் மதிப்பு என்ன?

ஹார்க்ஸ்டோவில் வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு 1750-களின் இறுதியில் லண்டனுக்கு வந்தார். பேர்பெற்ற தகடு செதுக்குநர்கள் ஒருவர்கூட அவற்றை அச்சுக்கு ஆக்கித்தர முன்வரவில்லை. தனியே அறுத்துப் போட்ட மூக்கும் காதும் காலும் அவர்களுக்கு ஏற்ற பொருளாகத் தோன்றவில்லை போலும். வேறு வழியின்றி, பகலில் பிழைப்புக்காக ஓவியம் தீட்டிவிட்டு, விடியற்காலையிலும் இரவிலும் தானே தகடுகளைச் செய்தார். நூல் 1766-இல் வெளிவந்தது.

அதில் பதினெட்டு முதன்மைப் படங்கள் உண்டு. பக்கவாட்டில், முன்னிருந்து, பின்னிருந்து என மூன்று பார்வைகள், ஒவ்வொரு பார்வையிலும் எலும்புக்கூடாக ஒன்று, தசையடுக்குகளோடு ஐந்து என்ற கணக்கு. ஸ்டப்ஸுக்கு முன்பும் இத்தகைய நூல்கள் இருந்தன. போலோனாவைச் சேர்ந்த கார்லோ ரூயினியின் நூல் 1598-லேயே வந்துவிட்டது. பின்வந்தவர்கள் பெரும்பாலும் அதையே பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். ஸ்டப்ஸ் அந்தச் சங்கிலியை அறுத்தார். லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதே 1791-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஓர் ஓவியர் மருத்துவர்களுக்குக் கால்நூற்றாண்டு முன்னால் நின்றது புரியும். டச்சு உடற்கூறியலாளர் பேத்ருஸ் கம்பர் அதை வியந்து போற்றினார். மூலப் படங்களில் எஞ்சிய 42 இன்று ஓவியர், சிற்பிகளின் அமைப்பான லண்டன் ராயல் அகாடமியிடம் உள்ளன. அந்த நிறுவனத்தோடு ஸ்டப்ஸுக்கு இருந்த பகையை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அவருக்கு வேலை கொடுத்தவர்கள் யார்?

இளம் பிரபுக்கள். ரிச்மண்ட் கோமகன், ராக்கிங்ஹாம் பிரபு, போலிங்புரோக் பிரபு, கிராஃப்டன் கோமகன் போன்றோர். அவர்களுள் ராக்கிங்ஹாமும் கிராஃப்டனும் பிரதமர் பதவியிலும் இருந்தவர்கள். பெரும்பாலோர் அரசியலில் விக் கட்சியினர், மற்ற நேரமெல்லாம் நியூமார்க்கெட் பந்தயத் திடலில் கிடப்பவர்கள். கீழைநாட்டுப் பொலிகுதிரைகள் மூன்றின் வழிவந்த, தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனம் அப்போதுதான் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. ஒரு நல்ல குதிரையின் விலையும் அதன்மீது கட்டப்படும் பணமும் ஒரு பண்ணையின் மதிப்பை எட்டும் காலம். அப்படிப்பட்ட குதிரையை வைத்திருப்பவருக்கு அதன் படமும் தேவைப்பட்டது. ஜான் ஊட்டன், ஜேம்ஸ் சீமோர் முதலியோர் அந்த வேலையை முன்பே செய்துவந்தார்கள். அவர்களுடைய குதிரைகளுக்குப் பக்கத்தில் ஸ்டப்ஸின் குதிரையை வைத்துப் பார்த்தால், முன்னவை மரப்பொம்மைகளாகத் தெரியும்.

'விசில்ஜாக்கெட்' ஏன் அவ்வளவு புகழ்பெற்றது?

லண்டன் நேஷனல் கேலரியில் அதன் முன்னால் நிற்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. கித்தானின் உயரம் 292 சென்டிமீட்டர், அகலம் 246 சென்டிமீட்டர். செம்பு நிற அரபு வழிப் பொலிகுதிரை ஒன்று, பின்னங்கால்களில் எழும்பி, தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. பின்புலத்தில் மரமில்லை, வானமில்லை, தரையுமில்லை. வெளிறிய பொன்பழுப்பு நிறம் மட்டுமே. பின் குளம்புகளுக்குக் கீழே சிறு நிழல் இரண்டு தீற்றல்களாக விழுந்திருக்கிறது. அந்த நிழல் மட்டும் இல்லையென்றால் குதிரை அந்தரத்தில் மிதப்பது போலாகிவிடும். நிழல் இருப்பதால்தான் அந்த வெறுமைக்கு நடுவே குதிரை கனத்தோடு நிற்கிறது. அருகே சென்று பார்த்தால் வயிற்றுப் பக்கத்துத் தோலுக்குள் ஓடும் நரம்புகளும், பின்தொடையில் இறுகிய தசை மடிப்பும், கண்ணின் ஓரத்தில் தெரியும் வெள்ளையும் தெரியும். ஹார்க்ஸ்டோவின் பதினெட்டு மாதங்கள் எங்கே போயின என்பதற்கு இதைவிட வேறு விடை வேண்டாம்.

விசில்ஜாக்கெட் 1749-இல் பிறந்த குதிரை. 1759-இல் யார்க்கில் நடந்த நான்கு மைல் பந்தயத்தில், 2000 கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு) பந்தயத் தொகையை வென்று ஓய்வுபெற்றது. ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக ஸ்டப்ஸ் இதை 1762-ஐ ஒட்டி வரைந்தார். நேஷனல் கேலரி 1997-இல் லாட்டரி நிதியின் உதவியோடு ஒரு கோடியே பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

அந்தப் படம் முடிக்கப்படாமல் விடப்பட்டது என்கிறார்களே?

மன்னர் மூன்றாம் ஜார்ஜை அதன்மேல் அமர்த்தி, பின்னால் நிலக்காட்சியையும் வேறு ஓவியர்களைக் கொண்டு வரையத் திட்டமிருந்ததாகவும், குதிரை தன் படத்தையே எதிரிக் குதிரை என்று எண்ணித் தாக்க வந்ததைக் கண்டு ராக்கிங்ஹாம் அப்படியே விட்டுவிடச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால் அதே ஆண்டு, அதே பிரபுவுக்காக, பெண்குதிரைகளும் குட்டிகளும் வரிசையாக நிற்கும் படத்தையும், விசில்ஜாக்கெட்டோடு வேறு இரு பொலிகுதிரைகளும் குதிரைக்காரர் ஒருவரும் நிற்கும் படத்தையும் ஸ்டப்ஸ் இதே போல வெற்றுப் பின்புலத்தில் வரைந்திருக்கிறார். மூன்று படங்களும் தற்செயலாக அரைகுறையாக நின்றுபோயின என்று சொல்வதைவிட, ஓவியரும் பிரபுவும் சேர்ந்தே அப்படி விரும்பினார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

அவருடைய குதிரைகள் பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பது ஏன்?

நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் கால்கள் எப்படி இயங்குகின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது. முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களை பின்னாலும் நீட்டி, வயிறு தரையோடு படிய வரைவதே மரபு. அது பிழை என்பது, கலிஃபோர்னியாவில் ஒளிப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் 1878-இல் அடுத்தடுத்துப் பல கேமராக்களை வைத்து எடுத்த ஒளிப்படங்களில்தான் நிரூபணமாயிற்று. ஸ்டப்ஸும் ஓரிரு இடங்களில் அந்த மரபுப் பாய்ச்சலை வரைந்தார், அவை அவருடைய சிறந்த படங்கள் அல்ல. கண்ணால் பிடிக்க முடியாததை வரைவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. பந்தயத்துக்கு முன்பும் பின்பும் உள்ள நேரமே அவருடைய களம்.

'ஜிம்கிராக்' ஓவியத்தில் ஒரே குதிரை இருமுறை வருகிறதா?

ஆம். 1765-இல் போலிங்புரோக் பிரபுவுக்காக வரைந்த இப்படத்தில், வலப்பக்கம் தொலைவில் சாம்பல் நிறக் குதிரை ஜிம்கிராக் மற்றவற்றை வெகுதூரம் பின்தள்ளி வெற்றிக்கோட்டை நெருங்குகிறது. இடப்பக்கம் அண்மையில், அதே ஜிம்கிராக் பந்தயம் முடிந்து, குதிரைகளின் வியர்வை துடைக்கும் கட்டடத்தின் முன் பயிற்சியாளர், ஜாக்கி, லாயப் பையன் ஆகியோர் சூழ நிற்கிறது. திடலில் கூட்டமில்லை. பார்வையாளர் மேடையின் சன்னல்கள் சாத்தியிருக்கின்றன. எனவே இது பொதுப் பந்தயமல்ல, அதிகாலைச் சோதனை ஓட்டம் என்பது ஆய்வாளர் கருத்து. வெற்றி தூரத்தில் சிறிதாக இருக்க, துடைக்கும் வேலை பெரிதாக முன்னால் இருக்கிறது. இவரல்லாமல் வேறு யார் இப்படி அமைத்திருப்பார்கள்? 2011-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இப்படம் 2 கோடியே 24 லட்சம் பவுண்டுக்குப் போனது.

அவருடைய படங்களில் குதிரைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு இடம்?

என் பார்வையில் ஸ்டப்ஸைப் பிறரிடமிருந்து பிரிப்பது இதுதான். லாயத்தில் வேலை செய்பவர்களை மற்ற ஓவியர்கள் கடிவாளத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்பதற்காக வரைந்தார்கள். ஸ்டப்ஸ் அவர்கள் ஒவ்வொருவரையும் தனி முகமாக, தனிக் கவலையாக வரைந்தார். பணம் கொடுக்கும் பிரபு பல படங்களில் தென்படவே மாட்டார்.

இதன் உச்சம், அவர் தம் 75-ஆம் வயதில் 1800-இல் முடித்த 'ஹாம்பிள்டோனியன்'. கித்தான் மூன்றரை மீட்டருக்கும் மேல் அகலம். சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்டின் குதிரை ஹாம்பிள்டோனியன், 1799 மார்ச் 25 அன்று நியூமார்க்கெட்டில் 'டைமண்ட்' என்ற குதிரையோடு 3000 கினி பந்தயத்தில் மோதி, அரைக் கழுத்து நீளத்தில் வென்றது. கடைசிக் கட்டத்தில் இரு குதிரைகளும் கொடுமையாகச் சவுக்கடியும் குதிமுள் குத்தும் பட்டன. உரிமையாளர் வெற்றிப்படம் எதிர்பார்த்திருப்பார். ஸ்டப்ஸ் கொடுத்தது, களைத்து, காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாய் திறந்து நிற்கும் குதிரையை. ஒரு பக்கத்துக் கால்களில் மட்டுமே உடல் நிற்பது போல, நடைமுறையில் நிற்கவே முடியாத ஒரு நிலை அது. உடற்கூறைக் கரைத்துக் குடித்தவர் அதை அறியாமல் செய்திருக்க முடியாது. அதன் கழுத்தின்மேல் கைபோட்டபடி லாயப் பையன், கடிவாளத்தைப் பிடித்தபடி பயிற்சியாளர். இருவரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள், சிரிப்பில்லாமல். கட்டணமான 300 கினிக்காக ஸ்டப்ஸ் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. வழக்கில் வென்றார். படம் இன்று வட அயர்லாந்தின் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் உள்ளது.

அதே கண்தான் 1785-இல் வரைந்த 'வைக்கோல் சேர்ப்போர்', 'கதிர் அறுப்போர்' என்னும் இரு படங்களிலும் வேலை செய்கிறது. முதல் படத்தின் நடுவில் வாரியை ஊன்றி நிற்கும் பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நம்மை ஏறிட்டுப் பார்ப்பதை ஒருமுறை கண்டால் மறக்க முடியாது. உடைகள் வயலுக்கு ஒவ்வாத தூய்மையோடு இருப்பது உண்மையே. அந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் அப்படங்களைப் பாராட்ட வேண்டும்.

சிங்கம் குதிரையைத் தாக்கும் படங்களின் பின்னணி என்ன?

இத்தாலியிலிருந்து திரும்பும் வழியில் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா கோட்டை மதிலிலிருந்து, நிலவொளியில் ஒரு சிங்கம் குதிரையை அடித்ததை அவர் பார்த்தார் என்று ஒரு கதை அவர் இறந்தபின் அச்சில் வந்தது. இதற்குச் சான்றில்லை. ரோம் நகரின் கன்சர்வேட்டரி மாளிகையில் உள்ள, குதிரையின் முதுகில் சிங்கம் பல்லைப் பதிக்கும் பழஞ்சிற்பமே மூலமாக இருக்க வேண்டும். இயற்கையை மட்டுமே பார்ப்பேன் என்றவர், தம் மிக நாடகத்தனமான கருவைக் கல்லிலிருந்து எடுத்தார். சிங்கத்தின் உருவத்தை மட்டும் ஹவுன்ஸ்லோ வெளியில் ஷெல்பர்ன் பிரபு வளர்த்த உயிருள்ள சிங்கத்தைப் பார்த்து வரைந்துகொண்டார். எண்ணெய் வண்ணம், எனாமல் (சூளையில் சுட்டுப் பதிக்கும் கண்ணாடிப் பூச்சு வண்ணம்), அச்சுப்படம் எனப் பல வடிவங்களில் முப்பது ஆண்டுகளுக்கு இக்கருவை விடாமல் தொடர்ந்தார்.

மதராஸோடு ஸ்டப்ஸுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?

அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் அவருடைய மிகச்சிறந்த படங்களுள் ஒன்று மதராஸ் கவர்னர் ஜார்ஜ் பிகாட்டினால் பிறந்தது. 1758–59-இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் காத்தவர் பிகாட். 1763-இல் தாயகம் திரும்பிய அவர், மன்னருக்கு ஒரு சிவிங்கிப்புலியைப் பரிசளித்தார். மன்னரின் உறவினரான கம்பர்லாந்து கோமகன் 1764 ஜூன் மாதத்தில் வின்ஸர் பூங்காவில் அதைக் கலைமான் ஒன்றின்மேல் ஏவிவிட்டு வேடிக்கை பார்க்க ஏற்பாடு செய்தார். மான் கொம்பை நீட்டி எதிர்த்து நின்றது. சிவிங்கி பின்வாங்கி, அடைப்பைத் தாண்டி ஓடி, வேறொரு மானைப் பிடித்துக் கொன்றது. வேட்டை கேலிக்கூத்தாயிற்று.

பிகாட்டுக்காக ஸ்டப்ஸ் வரைந்த படத்தில் அந்தத் தோல்வி இல்லை, அதற்கு முந்திய கணம் இருக்கிறது. வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்த இரு இந்தியப் பராமரிப்பாளர்கள். ஒருவர் சிவிங்கியின் இடுப்பைச் சுற்றிய சிவப்புத் துணியைப் பற்றிக்கொண்டு, அதன் கண்ணை மறைத்திருந்த சிவப்புக் குல்லாயை மேலே தள்ளுகிறார். மற்றவர் கையை நீட்டி மானைக் காட்டுகிறார். பழக்கப்பட்ட சிவிங்கியைக் கண்கட்டி அழைத்துச் சென்று, இரை தெரிந்தவுடன் கண்ணைத் திறந்துவிடுவது இந்திய அரசர்களின் வேட்டை முறை. அந்த முறையின் ஒவ்வோர் அசைவும் படத்தில் சரியாக இருக்கிறது. அன்றைய ஆங்கிலப் படங்களில் இந்தியர்கள் பெரும்பாலும் பின்னணி அலங்காரமாக நிற்பார்கள். இங்கே வேலை தெரிந்தவர்களாக நிற்கிறார்கள், நியூமார்க்கெட் லாயக்காரர்களைப் போலவே. படம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது.

பிகாட்டின் கதையையும் சொல்லிவிடலாம். 1775-இல் மீண்டும் மதராஸுக்கு கவர்னராக வந்து, தஞ்சை அரசை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்த விவகாரத்தில் தம் சொந்த கவுன்சிலாலேயே 1776-இல் சிறைப்பிடிக்கப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார்.

வேறு எந்த அயல்நாட்டு விலங்குகளை வரைந்தார்?

அரசி சார்லட்டின் வரிக்குதிரை, அறுவை மருத்துவர் ஜான் ஹண்டருக்காக ஒரு காண்டாமிருகம், அவருடைய அண்ணன் வில்லியம் ஹண்டருக்காக இந்தியாவின் நீலான் என்னும் மான். வில்லியமுக்காகவே 1770-இல் வரைந்த கனடா நாட்டு மூஸ் மானின் படத்துக்கு ஓர் அறிவியல் நோக்கமும் இருந்தது. அயர்லாந்துச் சதுப்பில் கிடைத்த பெருங்கொம்புகள் இதே விலங்கினுடையவையா, அல்லது அற்றுப்போன வேறொரு விலங்கினுடையவையா என்பதை ஒப்பிட வில்லியம் விரும்பினார். கேப்டன் குக்கின் கடற்பயணத்திலிருந்து இயற்கை ஆய்வாளர் ஜோசஃப் பேங்க்ஸ் கொண்டுவந்த தோலை ஊதி உப்பவைத்து வரைந்த கங்காரு, உயிருள்ளதைப் பார்த்து வரையாததால் சற்றே எலி போலத் தெரியும். ஐரோப்பியர்கள் பலர் முதன்முதலில் கண்ட கங்காரு அதுவே.

எனாமல் ஓவியங்களில் ஏன் இறங்கினார்?

மங்காத வண்ணம் வேண்டும் என்ற ஆசையால். செப்புத் தகட்டில் எனாமல் பூசிச் சுடும் முறையில் பெரிய அளவு இயலாமற்போகவே, மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டை அணுகினார். சூளையில் வளையாமல் உடையாமல் பெரிய சுட்டமண் பலகைகளைச் செய்ய வெட்ஜ்வுட் மெனக்கெட்டார். 1781-இல் அப்படியொரு பலகையில் வரைந்த ஸ்டப்ஸின் தன்னுருவப்படம் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. வண்ணங்கள் இன்றும் புதியவை போல் உள்ளன. ஆனால் வாங்குவோர் வரவில்லை, இந்த முயற்சியில் அவர் இழந்த ஆண்டுகள் அதிகம்.

ராயல் அகாடமியோடு என்ன தகராறு?

1780-இல் இணை உறுப்பினராகவும், 1781-இல் முழு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் படைப்பு ஒன்றை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தம் எனாமல் படங்களைக் கண்காட்சியில் தொங்கவிட்ட விதத்தால் சினமுற்றிருந்த ஸ்டப்ஸ் கொடுக்க மறுத்தார். தேர்தல் செல்லாமல் போனது. வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் உச்சியில் வைத்து, விலங்கு ஓவியத்தை அடித்தட்டில் வைத்த அமைப்பு அது.

இறுதிக்காலம் எப்படிக் கழிந்தது?

பண நெருக்கடியில். புகழ்பெற்ற பந்தயக் குதிரைகள் அனைத்தையும் வரைந்து அச்சுப்படங்களோடு வெளியிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கி, 1794-இல் பதினாறு ஓவியங்களோடு கண்காட்சியும் திறந்தார். மகன் ஜார்ஜ் டவுன்லி ஸ்டப்ஸ் தகடு செதுக்கினார். பிரான்ஸோடு மூண்ட போர் பணப்புழக்கத்தை முடக்கிவிட, திட்டம் பாதியில் நின்றது. அதற்கு அடுத்த ஆண்டு, எழுபது வயதைக் கடந்தபின், மனிதன், புலி, கோழி மூன்றின் உடலையும் ஒப்பிடும் உடற்கூறு நூலுக்காக மீண்டும் கத்தியை எடுத்தார். அது முற்றுப்பெறுமுன் 1806 ஜூலை 10 அன்று லண்டனில் காலமானார்.

பிறகு மறக்கப்பட்டாரா?

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு. குதிரைப் பிரியர்களும் பந்தயக்காரர்களும் மட்டும் அவரை அறிந்திருந்தார்கள். அமெரிக்கச் செல்வந்தர் பால் மெல்லன் 1936-இல் 'பம்ப்கின்' என்ற குதிரையின் படத்தை வாங்கியதில் தொடங்கிச் சேர்த்த தொகுப்பும், 1984-இல் டேட் கலைக்கூடம் நடத்திய பெருங்கண்காட்சியும் நிலைமையை மாற்றின.

இப்போது அவருடைய படங்களை எங்கே பார்க்கலாம்?

லண்டனுக்குப் போகிறவர்கள் நேஷனல் கேலரியில் 'விசில்ஜாக்கெட்'டையும், டேட் பிரிட்டனில் வயல் படங்களையும் பார்க்கலாம். இரண்டிலும் நிரந்தரத் தொகுப்புக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. லிவர்பூலின் வாக்கர் கலைக்கூடத்திலும், அருகே போர்ட் சன்லைட்டில் உள்ள லேடி லீவர் கலைக்கூடத்திலும் அவருடைய படங்கள் உள்ளன. வெட்ஜ்வுட் பலகை எனாமல்களைப் பார்க்கப் பின்னதே நல்ல இடம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நியூ ஹேவனில் உள்ள யேல் பிரிட்டிஷ் கலை மையம். மெல்லனின் தொகுப்பு, வரிக்குதிரை, பெரிய சிங்கப் படம் எல்லாம் அங்கே. நேரில் போக முடியாதவர்கள் ராயல் அகாடமி இணையத்தில் வைத்திருக்கும் ஹார்க்ஸ்டோ வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். முதலில் எலும்புக்கூடு, பிறகு ஒவ்வொரு தசையடுக்கு என்ற வரிசையில் பார்த்துவிட்டு 'விசில்ஜாக்கெட்'டின் தோள்பட்டைக்குப் போவது நல்லது.